இன்டர்வியூ முடிந்து வீட்டுக்கு வந்தபின் ஒரு நன்றிக் கடிதம்: யாருக்கு, எப்போது, எப்படி எழுதுவது?

இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் நேர்முகப் பரீட்சை. பேச்சில் இன்டர்வியூ என்போம், ஆனால் மனத்துக்குள் அது பரீட்சைதான். பரீட்சை என்றால் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு எழும்பி வருவது. வினாத்தாள் போட்டவருக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? அதனால்தான் "நாளைக்குக் காலையில் ஒரு நன்றிக் கடிதம் அனுப்பு" என்று அக்காவின் மகளிடம் சொன்னபோது அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"வேலை கிடைக்குமோ தெரியா. அதுக்குள்ள என்னத்துக்கு மாமா நன்றி?"

அவள் போய்வந்தது சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலைக்கு, கணக்கு லிகிதர், அதாவது கணக்கு எழுதும் எழுத்தர் வேலைக்கு. உயர்தர வகுப்பில் வர்த்தகம் படித்தவள். களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. ஆலை முகாமையாளரும் முதலாளியின் தம்பியும் இருபத்தைந்து நிமிடம் பேசினார்களாம். அன்று இரவு இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினோம். அதை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன். நான் சில வருடம் ஒரு நிறுவனத்தில் நிர்வாக வேலை பார்த்து, மேசைக்கு மறுபக்கமும் உட்கார்ந்தவன். அந்த வருடங்களில் எங்களுக்கு வந்த நன்றிக் கடிதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலில், எழுதலாமா கூடாதா

எல்லா இடத்துக்கும் எழுதக் கூடாது. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அரச வேலை, மாகாண சபை வேலை, கிழக்குப் பல்கலைக்கழகம், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் பதவிகள் என்றால் வேண்டாம். அங்கே நடப்பது உண்மையிலேயே பரீட்சை. கல்வித் தகைமைக்கு இத்தனை, அனுபவத்துக்கு இத்தனை, மேலதிகத் தகைமைக்கு இத்தனை என்று புள்ளித் திட்டம் இருக்கும். நேர்முகச் சபையில் இருப்பவர்கள் புள்ளியைப் போட்டுக் கையொப்பம் வைத்துவிட்டு எழும்பிவிடுவார்கள். நீங்கள் எழுதும் கடிதத்துக்கு அந்தத் தாளில் இடம் கிடையாது. அது மட்டுமல்ல, இப்படியான பதவி விளம்பரங்களில் சிபாரிசு பிடிப்பதும் செல்வாக்குச் செலுத்தப் பார்ப்பதும் விண்ணப்பத்தை நிராகரிக்கக் காரணமாகும் என்று அடியில் ஒரு வரி இருப்பது வழக்கம். சபை உறுப்பினர் ஒருவரின் சொந்த இலக்கத்தைத் தேடிப்பிடித்து வட்ஸ்அப்பில் "நன்றி சேர்" என்று அனுப்பினால் அது எந்தப் பக்கம் போய் விழும் என்று சொல்ல முடியாது. கதவருகே நின்று வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். போதும்.

தனியார் கொம்பனி, வங்கி, காப்புறுதி, பாசிக்குடா, அறுகம்குடா ஹோட்டல்கள், என்.ஜி.ஓ., சர்வதேசப் பாடசாலை, கொழும்பில் இருக்கும் மென்பொருள் நிறுவனம், வளைகுடா வேலைக்காக இணையத்தில் நடக்கும் இன்டர்வியூ எல்லாவற்றுக்கும் எழுதலாம். அங்கே நடப்பது ஒரு பேச்சு. பேச்சுக்குப் பதில் எழுதுவது இயல்பானதுதான்.

சின்னக் கடை, தெரிந்தவர் நடத்தும் ஃபார்மசி, ஊருக்குள் ஒரு ஹாட்வெயார் என்றால் ஈமெயில் கடிதம் சற்று அதிகம். அழைத்துப் பேசியவர் எந்த வழியாக உங்களைக் கூப்பிட்டாரோ அதே வழியில் மூன்று வரி அனுப்புங்கள்.

வெளியே வரும்போது

கடிதத்தின் பாதி வேலை நேர்முக அறையின் வாசலிலேயே நடந்துவிடுகிறது. எழும்பும்போது இரண்டு விடயத்தைக் கேளுங்கள்: "முடிவு எப்போதளவில் தெரியவரும்?", "மேலதிகமாக ஏதும் அனுப்ப வேண்டுமென்றால் எந்த ஈமெயிலுக்கு அனுப்பலாம்?" இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் நீங்கள் கடிதம் அனுப்பப்போகும் முகவரி. கேட்க மறந்துவிட்டால் அழைப்பு வந்த ஈமெயிலுக்கே பதிலாக அனுப்பலாம்.

பிறகு பெயர். நம் மாவட்டங்களில் ஒரே மேசையில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூவரும் இருப்பார்கள். காதில் விழுந்ததை வைத்து எழுதினால் தப்பு வரும். வரவேற்பில் இருக்கும் பிள்ளையிடம் "சேரின்ட பேரை எப்படி எழுதுறது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒருவருடைய பெயரைப் பிழையாக எழுதி நன்றி சொல்வதைவிட, பெயரே இல்லாமல் 'ஐயா' என்று எழுதுவது மேல்.

பஸ்ஸில் எழுதும் குறிப்பு

வழிகாட்டிகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான், என் கணக்கில் முக்கியமானதும் இதுதான். வெளியே வந்து பத்து நிமிடத்துக்குள் போனில் குறிப்பெடுங்கள். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மறுகா எழுதலாம் என்றால் 'நல்லாத்தான் கதைச்சாங்க' என்பது மட்டுமே மிஞ்சும். அதை வைத்துக் கடிதம் எழுத முடியாது.

என்ன குறிப்பது? அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே. எந்தக் கேள்விக்கு நீங்கள் தடுமாறினீர்கள் என்பதை. தங்கள் வேலையில் எது தலையிடி என்று அவர்களாகவே சொன்னதை. அவர்கள் கேட்டு, நீங்கள் பிறகு தருகிறேன் என்ற எதையும்.

எங்கள் பிள்ளை கல்முனை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு எழுதியது இப்படி இருந்தது:

"அறுவடை நேரம் ஒரு நாளைக்கு 40 பேர் நெல் கொண்டுவருவாங்க. எல்லாருக்கும் காசு. பின்னேரம் பெட்டியில 8,500 குறையுது, முதல்ல என்ன பாப்பீங்க எண்டு கேட்டார். காசேட்டைத் திரும்பக் கூட்டுவன் எண்டு சொன்னன். ம் எண்டு மட்டும் சொன்னார். பழைய லிகிதர் வவுச்சர் எழுதாமல் விடுறவராம். 1ஆம் திகதி வரலாமா எண்டு கேட்டார், வீட்ட கேட்டுச் சொல்றன் எண்டன்."

இதை வாசித்ததும் கடிதம் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த "ம்" ஒன்றே போதும். அவர் எதிர்பார்த்த பதில் அது இல்லை. அவள் அதைப் பஸ்ஸில் வரும்போதே உணர்ந்திருக்கிறாள். இனி அதைக் கண்ணியமாகத் திருத்திக்கொள்ள ஒரு வழி வேண்டும். நன்றிக் கடிதம் அந்த வழி. பரீட்சை மண்டபத்தில் மணி அடித்த பிறகு விடையைத் திருத்த யாரும் விடமாட்டார்கள். இங்கே விடுகிறார்கள்.

எப்போது, எந்த மொழியில்

இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குள் போக வேண்டும். அதற்காக வெளியே வந்த அரை மணித்தியாலத்தில் அனுப்பாதீர்கள், முன்பே எழுதி வைத்திருந்தது போலத் தெரியும். இரவு 11.40 க்கும் வேண்டாம். மறுநாள் காலை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் போய்ச் சேர்ந்தால், அவர் அன்றைய ஈமெயில்களைத் திறக்கும் நேரம். ஜிமெயிலில் நேரம் குறித்து அனுப்பும் வசதி உண்டு: அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள சிறு அம்புக்குறியையோ, போனில் மூன்று புள்ளியையோ அழுத்தினால் வரும். இரவே எழுதி, காலைக்குக் குறித்துவிட்டுத் தூங்கலாம்.

நாட்காட்டியையும் பாருங்கள். மறுநாள் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை என்றால் அதற்கடுத்த வேலை நாள். வெள்ளிக்கிழமை காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் என்றால் ஜும்ஆ தொழுகைக்கு முன்பே, காலையிலேயே போகட்டும். வளைகுடா என்றால் நேர வித்தியாசம்: இங்கே காலை 9 மணி தோஹாவில் 6.30, துபாயில் 7.30. கத்தாரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதையும் நினைவில் வையுங்கள். வியாழன் பின்னேரம் அனுப்பியதை ஞாயிறு வரை யாரும் பார்க்காமல் இருக்கலாம்.

மொழி விடயத்தில் என் விதி எளிது. அவர்கள் எந்த மொழியில் பேசினார்களோ அந்த மொழி. இன்டர்வியூ ஆங்கிலத்தில் நடந்தால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஐந்து சின்ன வசனம், உங்களுக்கே உரிய ஆங்கிலத்தில். இணையத்திலிருந்து எடுத்த பெரிய பெரிய சொற்களைப் போட்டால், நேற்று எதிரில் உட்கார்ந்து பேசிய ஆள் இவர் இல்லை என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். தமிழில் பேசியிருந்தால் தயங்காமல் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று நினைத்துப் பிழைவிடுவதில் என்ன மதிப்பு இருக்கிறது?

முதல் வரைவு, அதை ஏன் கிழித்தோம்

அவள் முதலில் எழுதியது: "தங்களது பொன்னான நேரத்தை ஒதுக்கி என்னையும் ஒரு பொருட்டாக மதித்து அழைத்தமைக்குக் கோடானுகோடி நன்றிகள். எனது குடும்ப நிலையைக் கருத்திற் கொண்டு இப்பதவியை எனக்கு வழங்குமாறு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

இது கடிதம் இல்லை, மனு. நம்மிடம் மனு எழுதும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பிரதேச செயலகத்துக்கும் பாராளுமன்ற உறுப்பினருக்கும் எழுதி எழுதி, எந்தக் கடிதம் எடுத்தாலும் கை கும்பிட்டுக்கொண்டே தொடங்குகிறது. முகாமையாளருக்குத் தேவை கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும் ஒருவர். உங்கள் வறுமையைச் சொன்னால் அவர் பாவம் பார்ப்பார், வேலையை வேறொருவருக்குக் கொடுப்பார். கோடானுகோடியும் வேண்டாம். ஒரு நன்றி போதும், அதுவும் முதல் வரியில்.

கடிதத்தைப் பகுதி பகுதியாக

தலைப்பு வரியில் பதவியின் பெயரும் நாளும் இருக்க வேண்டும். வெறுமனே 'நன்றி' என்று போட்டால் அது யாருடைய நன்றி என்று திறந்துதான் பார்க்க வேண்டும், திறக்காமலும் விடலாம்.

விளிப்பு: 'மதிப்பிற்குரிய ஐயா' அல்லது 'அம்மணி'. பேச்சில் சேர், மிஸ் என்று எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் தமிழ்க் கடிதத்தில் ஐயா, அம்மணிதான் பொருந்தும். வட்ஸ்அப் என்றால் 'வணக்கம் சேர்' என்றே தொடங்கலாம், 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று தொடங்குவதும் இடமறிந்து நல்லதே.

முதல் பந்தி இரண்டு வசனம்: எந்த நாள், எந்தப் பதவி, நன்றி, அவர் சொன்னவற்றில் ஒன்று.

இரண்டாம் பந்திதான் கடிதம். இதில் ஒரே ஒரு விடயம் இருக்கட்டும், ஆனால் அந்த மேசையில் இருந்தவருக்கு மட்டுமே புரியும் அளவுக்குக் குறிப்பாக இருக்கட்டும். இன்னொரு கொம்பனிக்கும் இதை அப்படியே அனுப்பலாம் என்றால் அந்தப் பந்தி தோற்றுவிட்டது. மூன்று வகையில் எழுதலாம். தடுமாறிய கேள்விக்குச் சரியான பதில். அவர்கள் சொன்ன சிக்கலுக்கு நீங்கள் முன்பு செய்த ஒன்றை இணைத்துக் காட்டுவது. அவர்கள் கேட்க மறந்த உங்கள் தகைமை ஒன்றைச் சொல்வது. தடுமாற்றம் ஏதும் இருந்திருந்தால் நான் எப்போதும் முதலாவதையே தேர்ந்தெடுப்பேன். மன்னிப்புக் கேட்க வேண்டாம், 'பதற்றத்தில் சொல்லிவிட்டேன்' என்ற விளக்கமும் வேண்டாம். யோசித்தேன், இதுதான் என் பதில். அவ்வளவு.

மூன்றாம் பந்தி: தருவதாகச் சொன்னது, தொடங்கக்கூடிய திகதி, தொலைபேசி இலக்கம்.

கடைசியில் போனது இது:

விடயம்: கணக்கு லிகிதர் பதவி, செவ்வாய்க்கிழமை நேர்முகம்

மதிப்பிற்குரிய ஐயா,

நேற்றுக் காலை கணக்கு லிகிதர் பதவி தொடர்பாக என்னை அழைத்துப் பேசியதற்கு நன்றி. அறுவடைக் காலத்தில் ஆலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று நீங்கள் விளக்கியதால் இந்த வேலை எப்படிப்பட்டது என்று நன்றாக விளங்கியது.

மாலையில் காசு 8,500 ரூபா குறைந்தால் முதலில் எதைப் பார்ப்பேன் என்று கேட்டீர்கள். காசேட்டைத் திரும்பக் கூட்டுவேன் என்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. அன்றைய நிறுவைச் சீட்டுகளையும் கொடுப்பனவு வவுச்சர்களையும் இலக்க ஒழுங்கில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவேன். சீட்டு இருந்து வவுச்சர் இல்லாத விவசாயி யாராவது இருந்தால், காசு போய் எழுத்து விடுபட்ட இடம் அதுவாக இருக்கலாம். கூட்டல் அதற்குப் பிறகே.

வேலை தொடங்கும் திகதி பற்றி வீட்டில் பேசினேன். அடுத்த மாதம் 1ஆம் திகதி முதல் வர முடியும்.

இப்படிக்கு,
(பெயர்)
(தொலைபேசி இலக்கம்)

பழைய லிகிதர் வவுச்சர் எழுதாமல் விடுவார் என்பதை அவள் கடிதத்தில் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். போடட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். போனவரைக் குறைசொல்லி உள்ளே வருவது நல்ல வருகை இல்லை. ஆனால் அந்தத் தகவல்தான் முழுப் பந்தியையும் எழுதியது.

மேசையில் மூன்று பேர் இருந்தால் மூன்று பேருக்கும் எழுத வேண்டுமா? ஒருவரின் முகவரிதான் தெரியும் என்றால் அவருக்கு எழுதி, மற்றவர்களுக்கும் நன்றியைத் தெரிவிக்கும்படி ஒரு வரி சேர்த்தால் சரி. மூவரின் முகவரியும் தெரிந்து, மூவருக்கும் ஒரே கடிதத்தை மூன்று முறை அனுப்புவது மட்டும் வேண்டாம். அவர்கள் பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்கள்.

அனுப்பும் முன்

இனிக் கொஞ்சம் எழுத்துரு விடயம், நம் ஊரில் இது பெரிய பொறி. கொமியுனிகேஷன் கடையில் கொடுத்து ரைப் செய்தால் பல இடங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடித்துத் தருவார்கள். தாளில் அச்சடித்தால் அழகாக இருக்கும். அதையே ஈமெயிலில் ஒட்டி அனுப்பினால், பாமினி இல்லாத போனில் அது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிப்போய்க் கிடக்கும். எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவரின் பெயரைக்கூட வாசிக்க முடியவில்லை. போனில் யூனிகோட் தமிழ் விசைப்பலகையில் நீங்களே எழுதுங்கள், அல்லது யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லுங்கள். அனுப்பும் முன் உங்களுடைய இன்னொரு முகவரிக்கோ வீட்டில் ஒருவருக்கோ அனுப்பித் திறந்து பாருங்கள்.

கடிதத்தை பிடிஎஃப் ஆக்கி இணைக்க வேண்டாம், ஈமெயிலின் உடலிலேயே இருக்கட்டும். சுயவிபரக்கோவையை மறுபடி இணைக்கவும் வேண்டாம், அது அவர்களிடம் இருக்கிறது. பள்ளிக்கூடக் காலத்தில் சினிமா நடிகர் பெயரில் திறந்த ஈமெயில் முகவரி இன்னும் இருந்தால், இன்றே உங்கள் சொந்தப் பெயரில் ஒன்று திறங்கள்.

பிறகு, பழைய கடிதத்தைப் பிரதி எடுத்து மாற்றி எழுதாதீர்கள். நான் இளவயதில் ஒரே கிழமையில் இரண்டு இடத்துக்கு இன்டர்வியூ போனேன். முதல் கடிதத்தை எடுத்து, மேலே இருந்த பெயரை மாற்றினேன், பதவியை மாற்றினேன். இரண்டாம் பந்தியின் நடுவில் முதல் நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்துவிட்டது. "உங்கள் நிறுவனத்தில் பணியாற்றுவது என் நீண்ட நாள் கனவு" என்ற வரிக்குள், வேறு நிறுவனத்தின் பெயர். அனுப்பிப் பத்து நிமிடம் கழித்துத்தான் கண்டேன். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற ஆகக்கூடியது 30 விநாடிதான். அதுவும் அமைப்புகளில் போய் நாமாகக் கூட்டி வைத்திருந்தால். எனக்கு அது அப்போது தெரியவும் தெரியாது. அந்த இடத்திலிருந்து பதிலே வரவில்லை, அதில் நியாயம் இருந்தது.

அனுப்பிய பிறகு

பதில் வராது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வராததற்கு அர்த்தம் தேட வேண்டாம். அவர்கள் சொன்ன திகதி கடந்து மூன்று, நான்கு வேலை நாள் போனபின் ஒரு தடவை விசாரிக்கலாம். திகதி சொல்லவில்லை என்றால் இரண்டு கிழமை. விசாரிக்கும் கடிதம் இரண்டு வரிதான்: இந்த நாள் இந்தப் பதவிக்கு வந்திருந்தேன், முடிவு ஏதும் எடுக்கப்பட்டதா என்று அறியத்தர முடியுமா. அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். ஊருக்குள் தெரிந்தவரைப் பிடித்து "ஒருக்கா கேட்டுப் பாருங்களேன்" என்று அனுப்புவது நம்மிடம் அன்றாட விடயம், எனக்கும் அந்த ஆசை வரும். நன்றாக எழுதிய கடிதத்தை அது கெடுத்துவிடும்.

அந்த நாட்களில் போனைக் கையில் வைத்திருங்கள். தெரியாத இலக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். 065 என்றால் மட்டக்களப்பு, 067 கல்முனைப் பக்கம், 063 அம்பாறை, 011 கொழும்பு. பஸ்ஸில் இருந்தால் எடுத்து, "பஸ்ஸில் இருக்கிறேன், அரை மணித்தியாலத்தில் நானே எடுக்கட்டுமா?" என்று கேட்பது தப்பே இல்லை.

வேலை இல்லை என்று பதில் வந்தால் அதற்கும் எழுதுங்கள், இந்த முறை இரண்டே வசனம்: அறியத்தந்ததற்கு நன்றி, பின்னர் இதுபோன்ற இடம் வந்தால் என்னை நினைவில் வையுங்கள்.

அவளுக்கு அப்படித்தான் வந்தது. பத்தாம் நாள் 067 இலிருந்து அழைப்பு, முகாமையாளரே பேசினார். நாலு வருட அனுபவம் உள்ள ஒருவரை எடுத்துவிட்டார்களாம். வவுச்சர் பற்றி எழுதியது சரி என்று இடையில் ஒரு வசனம் சொன்னாராம், அதை என்னிடம் மூன்று தரம் சொன்னாள். அன்று பின்னேரமே அவருக்கு அந்த இரண்டு வசனத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. போனை என்னிடம் நீட்டினாள்.

"இதுக்கும் நன்றி சொல்லணுமா மாமா?"

"வேணாம் புள்ள, இதோட விடு."